டென்னிஸ் ரிச்சியும் ஐந்தாம் எண் கதவும்

சி லேபில் உட்கார்ந்து முதல் நாள் ஹலோ வேர்ல்டு அடிக்காத மாணவர் நம் கம்ப்யூட்டர் துறையில் யாரும் இல்லை. பிரின்ட்எஃப் என்று எழுதுகிறோம், செமிகோலன் வைக்கிறோம், ரன் கொடுத்தால் திரையில் எழுத்து வந்துவிடுகிறது. சரி, அந்த எழுத்தைத் திரைக்குக் கொண்டுபோனது யார்? வைவாவில் இதைக் கேட்டால் பாதிப் பேர் கம்பைலர் என்போம், மீதிப் பேர் தலையைச் சொறிவோம். உண்மையில் நாம் எழுதும் புரோகிராமுக்குத் திரையைத் தொடுகிற உரிமையே கிடையாது. டிஸ்க்கைத் தொடுகிற உரிமையும் கிடையாது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நடுவில் கெர்னல் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இந்த ஃபைலைத் திறந்து கொடுங்கள், இந்த எழுத்துகளை வெளியே அனுப்புங்கள் என்று அவரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கு சிஸ்டம் கால் என்று பெயர். கேட்கும்போது வேலையின் பெயரைச் சொன்னால் அவருக்குப் புரியாது, எண்ணைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கதவு, ஒவ்வொரு கதவுக்கும் ஓர் எண் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இன்டெல் 386-க்கான லினக்ஸில் எழுதுவதற்கு 4, ஃபைலைத் திறப்பதற்கு 5.

இந்த 4, 5 எல்லாம் லினக்ஸ் பிறந்த 1991-ல் வைத்த எண்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. 1971 நவம்பர் 3-ம் தேதியிட்ட யூனிக்ஸ் முதல் பதிப்பு மேனுவலைப் புரட்டினால் அங்கேயும் ரீட் 3, ரைட் 4, ஓப்பன் 5, குளோஸ் 6. லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை. அந்த மேனுவலின் ஆசிரியர்கள் இரண்டு பேர். ஒருவர் கென் தாம்சன். இன்னொருவர் டென்னிஸ் ரிச்சி. சி மொழியின் தந்தை யார் என்ற 2 மார்க் கேள்விக்கு நாம் எழுதுகிற அதே ரிச்சிதான். அந்த இரண்டு மார்க்கோடு அவரை விட்டுவிடுகிறோமே என்கிற ஆதங்கத்தில்தான் இந்த மலருக்கு இதை எழுதுகிறேன்.

டென்னிஸ் மெக்அலிஸ்டர் ரிச்சி 1941 செப்டம்பர் 9-ம் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பிராங்க்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது நியூஜெர்சியில் உள்ள சம்மிட் என்ற ஊரில். தந்தை அலிஸ்டர் ரிச்சி பெல் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி. சுவிட்சிங் சர்க்கியூட் வடிவமைப்பு பற்றி 1951-ல் வந்த பெயர்பெற்ற பாடநூலின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர். ஆக, லாஜிக் என்பது ரிச்சிக்கு வீட்டுச் சொத்து. ஹார்வர்டில் படித்து 1963-ல் இயற்பியல் பட்டம் வாங்கினார். ஆனால் இயற்பியலாளர் ஆகிற அளவுக்குத் தனக்கு அறிவு போதாது என்று கல்லூரி நாளிலேயே தெரிந்துவிட்டதாகப் பிற்காலத்தில் தன்னைப் பற்றிய சிறு குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். (பிசிக்ஸில் அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க!) கம்ப்யூட்டர் மனதுக்குப் பிடித்துப் போனது. அங்கேயே பயன்பாட்டுக் கணிதத்தில் ஆராய்ச்சி செய்தார். 1967-ல் தந்தை வேலை பார்த்த அதே பெல் ஆய்வுக்கூடத்தில், நியூஜெர்சி மர்ரே ஹில்லில், வேலைக்குச் சேர்ந்தார்.

அவர் போன நேரத்தில் அங்கே மல்டிக்ஸ் என்ற பெரிய ஆபரேட்டிங் சிஸ்டம் திட்டம் நடந்துகொண்டிருந்தது. எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் மூன்றும் கூட்டு. பல பேர் ஒரே மெஷினைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், ஒருவர் ஃபைலை இன்னொருவர் தொடக்கூடாது என்பதில் மல்டிக்ஸ்காரர்கள் கெட்டி. ஆனால் அந்தப் பாதுகாப்பும் நினைவக ஏற்பாடும் ஜி.இ. 645 என்ற ஒரே மெஷினின் தனி ஹார்டுவேரோடு பின்னிக் கிடந்தன. வேலை இழுத்துக்கொண்டே போனது. 1969-ல் பெல் விலகிக்கொண்டது. ரிச்சியும் தாம்சனும் நண்பர்களும் திடீரென்று மெஷின் இல்லாத அனாதைகள் ஆனார்கள்.

மூலையில் யாரும் அதிகம் தொடாத ஒரு பி.டி.பி. 7 இருந்தது. அதன் மெமரி 8,192 வார்த்தைகள், வார்த்தைக்கு 18 பிட். இன்று நம் வாட்ச்சில் இருப்பதற்கே அது உறை போடக் காணாது. அதில்தான் தாம்சன் 1969-ல் யூனிக்ஸின் முதல் வடிவத்தை எழுதினார். ஃபைல் சிஸ்டம் எப்படி இருக்க வேண்டும் என்று கரும்பலகையில் போட்டுப் பார்த்தவர்களில் ரிச்சி ஒருவர். புதிய புராசஸ் உண்டாக்கும் ஃபோர்க் என்ற சிஸ்டம் காலை நாம் பரீட்சைக்கு மூன்று பக்கம் எழுதுகிறோம். அந்த மெஷினில் அதற்கு ஆனது சரியாக 27 வரி அசெம்பிளி.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பி.டி.பி. 7-ல் பைட் என்று தனியாக எதையும் எடுக்க முடியாது, முழு வார்த்தையாகத்தான் எடுக்கலாம். அதனால் அங்கே ரீட் என்ற சிஸ்டம் காலுக்கு 10 என்று கொடுத்தால் பத்து வார்த்தை. அடுத்து வந்த பி.டி.பி. 11-ல் பைட்டைத் தனியாகத் தொடலாம். அங்கே 10 என்றால் பத்து பைட். பெயர் ஒன்றுதான், கேட்பவரும் ஒருவர்தான், மெஷின் மாறியதும் பொருள் மாறிவிட்டது.

பி.டி.பி. 11 வாங்கிய கதை சுவாரசியமானது. ஆபரேட்டிங் சிஸ்டம் எழுத என்று கேட்டால் மேலிடம் காசு தராது, மல்டிக்ஸில் பட்ட சூடு அப்படி. காப்புரிமைத் துறைக்கு ஆவணங்கள் தட்டச்சு செய்ய ஒரு ஏற்பாடு என்று சொல்லி 1970-ல் வாங்கினார்கள். 24 கே பைட் மெமரி, அதில் 16 கே கெர்னலுக்கு, 8 கே மற்றவர்களுக்கு. இந்த மெஷினில்தான் கதவு எண்கள் இன்றுள்ள வடிவத்துக்கு வந்தன. டிராப் என்று ஒரு மெஷின் கட்டளை. 16 பிட் கட்டளையில் மேல் பைட் டிராப் என்று சொல்லும், கீழ் பைட்டில் எண் இருக்கும். ப்ராசஸர் அதைப் பார்த்ததும் நம் புரோகிராமை நிறுத்திவிட்டுக் கெர்னலுக்குள் தாவும். கெர்னல் அந்த எண்ணை எடுத்து ஓர் அட்டவணையில் தேடும். 1975-ல் வந்த ஆறாம் பதிப்பில் அந்த அட்டவணைக்கு 64 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டே குறிப்புகள்: எத்தனை ஆர்க்யுமென்ட், எந்த ஃபங்ஷன். கட்டத்துக்கு வெளியே யாரும் உள்ளே வர வழி கிடையாது. காவல் காக்க வேண்டிய வாசல் ஒன்றே ஒன்று என்றால் காவல் எவ்வளவு சுலபம், யோசித்துப் பாருங்கள்!

மேனுவலிலும் ரிச்சியின் கை தெரியும். ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் ஒரு பக்கம். எண் என்ன, எதைக் கொடுக்க வேண்டும், தவறானால் என்ன திரும்பும், யார் பொறுப்பு. கடைசியில் குறைகள் என்று ஒரு தலைப்பு. தான் செய்த பொருளில் என்ன கோளாறு என்று தானே அச்சடித்துக் கொடுக்கும் வழக்கம் அன்றைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனிகளிடம் இல்லை. இன்றைக்கும் எத்தனை பேரிடம் இருக்கிறது?

சி மொழி பிறந்த கதை பாடத்தில் இருக்கிறது, அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தாம்சனின் பி மொழிக்கு டைப் என்பதே கிடையாது, எல்லாம் ஒரே அளவு வார்த்தை. பைட்டும் வார்த்தையும் தனித்தனியாக உள்ள பி.டி.பி. 11-க்கு அது ஒத்துவரவில்லை. ரிச்சி 1971 முதல் 1973 வரை அதில் டைப்புகளைச் சேர்த்து, கடைசியில் ஸ்ட்ரக்சரையும் சேர்த்து சி ஆக்கினார். ஸ்ட்ரக்சர் வருவதற்கு முன் 1972-ல் தாம்சன் கெர்னலை சி-யில் எழுத முயன்று கைவிட்டார். 1973-ல் மறுபடி எழுதினார்கள், வேலை செய்தது. 1978-ல் பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து ரிச்சி எழுதிய சி புத்தகத்தை நம்மில் பலர் ஜெராக்ஸ் போட்டுத்தான் படித்திருக்கிறோம்.

கெர்னல் சி-யில் இருக்கிறது என்றால் வேறு மெஷினிலும் ஓட்டலாமே? இப்போது சொல்லச் சுலபம். அந்தக் காலத்தில் மெஷின் விற்பவர்தான் ஆபரேட்டிங் சிஸ்டமும் தருவார், ஒன்றை இன்னொன்றுக்கு மாற்றுவது பைத்தியக்காரத்தனம். ரிச்சியும் ஸ்டீவ் ஜான்சனும் சி புரோகிராம்களை ஹனிவெல், ஐ.பி.எம். மெஷின்களுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். மொழியில் பெரிய தொல்லை இல்லை. தொல்லையெல்லாம் அந்தந்த ஊர் ஆபரேட்டிங் சிஸ்டம் கேட்கும் விதவிதமான கேள்விகளில்தான். அப்படியானால் புரோகிராமை மாற்றுவதைவிட ஆபரேட்டிங் சிஸ்டத்தையே தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று முடிவு செய்தார்கள். 1977-ல் இன்டர்டேட்டா 8/32 என்ற 32 பிட் மெஷினை வாங்கினார்கள். வேண்டுமென்றே பி.டி.பி. 11-க்கு ஒத்துப் போகாத மெஷின்! (அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் வோலங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் என்பவர் அதன் தம்பியான 7/32-க்கு யூனிக்ஸைத் தனியாகவே கொண்டுபோனார்.)

அங்கேதான் தலைவலி ஆரம்பம். பி.டி.பி. 11-ல் ஒரு வார்த்தையின் கீழ் பைட் முன்னால் வரும், இன்டர்டேட்டாவில் மேல் பைட் முன்னால். யூனிக்ஸ் என்ற நான்கு எழுத்தை இரண்டிரண்டாக அப்படியே தூக்கிப் போட்டால் நக்ஸி என்று படிக்கும். இதற்கு நக்ஸி பிரச்சினை என்றே பெயர் நிலைத்துவிட்டது. அடுத்தது அளவு. பி.டி.பி. 11-ல் இன்டிஜரும் பாயின்டரும் 16 பிட். ஒன்றை இன்னொன்றில் போட்டு வைத்தவர்கள் ஏராளம். சிஸ்டம் காலும் இதற்கு விலக்கு இல்லை. 19-ம் எண் கதவு சீக், ஃபைலில் இடம் தேடுவது. ஆறாம் பதிப்பில் இடத்தை 16 பிட்டில் சொல்ல வேண்டும். 1979-ல் வந்த ஏழாம் பதிப்பில் அதை லாங் ஆக்கி எல்சீக் என்றார்கள். எண் அதே 19. ஆனால் 16 பிட் மெஷினில் ஒரு லாங்குக்கு இரண்டு இடம் வேண்டும், 32 பிட் மெஷினில் ஒன்று போதும். ஆக, மூன்றாவதாக வருகிற ஆர்க்யுமென்ட் எது என்று கேட்டால், எந்த மெஷின் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

மனிதக் கண்ணுக்கு இதெல்லாம் தப்பும் என்று தெரிந்துதான் ஜான்சன் லின்ட் என்ற புரோகிராமை எழுதினார். மற்ற புரோகிராம்களைப் படித்து, இந்த வரி வேறு மெஷினில் உதைக்கும் என்று காட்டிக் கொடுக்கிற புரோகிராம். மெஷின் விட்டு மெஷின் போவதற்கு முன் நடத்துகிற தணிக்கை. இந்த அனுபவத்தை ரிச்சியும் ஜான்சனும் 1978-ல் பெல் சிஸ்டம் தொழில்நுட்ப இதழில் கட்டுரையாக எழுதினார்கள். என்னைக் கேட்டால் சி மொழியைவிட இதுதான் ரிச்சியின் பெரிய காரியம். மொழிகள் அதற்கு முன்னும் வந்திருக்கின்றன. ஒரு கெர்னலை ஒரு மெஷினிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் நட்டுக் காட்டியவர்கள் மிகக் குறைவு.

பாதுகாப்பு விஷயத்தில் அவர் தன் குழந்தையைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்ளவில்லை. யூனிக்ஸின் பாதுகாப்பு பற்றி ஏழாம் பதிப்போடு வந்த அவருடைய சிறு கட்டுரை, பாதுகாப்பை மனதில் வைத்து யூனிக்ஸ் செய்யப்படவில்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் தொடங்கும். ஆனாலும் ஒரு முக்கியமான பூட்டு அவருடையது. செட்யுஐடி என்று ஃபைலுக்கு ஒரு பிட். அது இருந்தால், புரோகிராமை யார் ஓட்டினாலும் ஃபைலின் சொந்தக்காரர் அதிகாரத்தில் ஓடும். பாஸ்வேர்டை நாமே மாற்றிக்கொள்ள முடிகிறதே, அது இதனால்தான். 1973-ல் விண்ணப்பித்து 1979-ல் காப்புரிமை கிடைத்தது. சாஃப்ட்வேருக்குக் காப்புரிமை கிடைக்குமா என்று சந்தேகமான காலம், அதனால் விண்ணப்பத்தில் அதை எலெக்ட்ரானிக் சர்க்கியூட் மாதிரி வரைந்து காட்டியிருப்பார்கள். பின்னால் பெல் அதைப் பொதுமக்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டது. ஆனால் இந்தப் பூட்டு ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. ஓடுகிறவர் ஒருவர், அதிகாரம் இன்னொருவருடையது என்றால் யார் செய்தார் என்று எழுதுவது?

அன்றைய யூனிக்ஸில் எழுதி வைக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. அக்கவுன்ட் என்பதன் சுருக்கமாக ஆக்ட் என்று ஒரு சிஸ்டம் கால், ஏழாம் பதிப்பில் எண் 51. அதைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு புரோகிராமும் முடியும்போது பெயர், யார், எவ்வளவு நேரம் என்று ஒரு சிறு குறிப்பு விழும். யார் வந்து போனார் என்று தெரியும். உள்ளே போய் எந்தக் கதவைத் தட்டினார் என்று தெரியாது. 1983-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆரஞ்சு அட்டை போட்ட விதிநூல் ஒன்றை வெளியிட்டு, குறிப்பிட்ட தரத்துக்கு மேற்பட்ட சிஸ்டங்கள் தணிக்கைப் பதிவு வைத்தே ஆக வேண்டும் என்றது. லினக்ஸ் கெர்னலுக்கு அப்படி ஒரு ஆடிட் ஏற்பாடு 2004-ல் வந்தது. இதை ரிச்சி எழுதவில்லை. ஆனால் அவர் விட்டுச்சென்ற கதவுகளில்தான் அந்தக் காவலர் நிற்கிறார்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். போன செமஸ்டரில் லேப் மெஷினில் இன்டர்னல் மார்க் வைத்திருந்த ஃபைலை யாரோ திறந்து பார்த்துவிட்டதாக ஒரு பேச்சு. பழி ஒரு ஜூனியர் பையன் மேல் விழுந்தது. அவன் அழாத குறை. எங்கள் மேடம் இனிமேல் ஊகம் வேண்டாம், ஆடிட் போடுங்கள் என்று என்னிடமும் இன்னொரு நண்பனிடமும் கொடுத்தார். ஓப்பன் சிஸ்டம் காலைப் பதிவு செய் என்று ஒரு விதி எழுதினேன். ஃபைலைத் திறந்து பார்த்தேன். லாக்கில் ஒண்ணும் விழலை! காரணம், இப்போதைய சி லைப்ரரியில் நாம் ஓப்பன் என்று எழுதினாலும் அது ஓப்பன்அட் என்ற வேறு கதவைத் தட்டுகிறது. 64 பிட் இன்டெல்லில் அது 257. சரி, அதையும் சேர்த்தேன். லாக் ஓடியது. மார்க் வாங்கிவிட்டோம் என்று கைகட்டி உட்கார்ந்தேன்.

நண்பன் சும்மா இருப்பானா? பழைய அசெம்பிளி புத்தகத்தைப் பார்த்து, ஈ.ஏ.எக்ஸ். ரிஜிஸ்டரில் 5 போட்டு, இன்டரப்ட் 80 கொடுத்து 32 பிட் பாணியில் நாலு வரி எழுதினான். அதே ஃபைல் திறந்தது. லாக் சுத்தமாகக் காலி. எனக்கு வியர்த்துவிட்டது. அந்த ஜூனியர் பையன் நிரபராதியா இல்லையா என்பதை இந்த லாக்கை வைத்துத்தானே சொல்லப் போகிறோம்? காவலர் தூங்கவில்லை, எழுதத்தான் செய்கிறார். ஆனால் அவருக்குக் கொடுத்த பட்டியல் தப்பு.

நடந்தது இதுதான். நம் ஹாஸ்டலில் ஏ பிளாக்கிலும் 5-ம் நம்பர் ரூம் உண்டு, பி பிளாக்கிலும் உண்டு. வாட்ச்மேன் நோட்டில் 5-க்குப் போனான் என்று மட்டும் எழுதினால் என்ன பிரயோசனம்? 386, 32 பிட் ஏ.ஆர்.எம்., பவர்பிசி எல்லாவற்றிலும் ஓப்பனுக்கு ரிச்சி காலத்து 5 தான். மிப்ஸில் நாலாயிரத்தைக் கூட்டி 4005. 64 பிட் இன்டெல், ஏ.எம்.டி.க்கு வரும்போது, அடிக்கடி கேட்கப்படுகிறவை அட்டவணையில் அருகருகே இருந்தால் கேச் மெமரிக்கு நல்லது என்று புதிதாக அடுக்கிவிட்டார்கள்: ரீட் 0, ரைட் 1, ஓப்பன் 2. ஒரே மெஷின் இரண்டு அட்டவணைகளையும் ஏற்கும். 2 என்றால் 64 பிட்டில் ஓப்பன், 32 பிட்டில் ஃபோர்க். 11 என்றால் 32 பிட்டில் புதிய புரோகிராமை ஓட்டுவது, 64 பிட்டில் மெமரியைத் திருப்பிக் கொடுப்பது. 2012-ல் லினக்ஸுக்குள் வந்த 64 பிட் ஏ.ஆர்.எம்.மில் ஓப்பன் என்ற கதவே கிடையாது, ஓப்பன்அட் மட்டும், எண் 56. எண்ணை மட்டும் பார்த்துக் காவல் வைத்தால் அப்பாவியைப் பிடித்துத் திருடனை விட்டுவிடுவோம்.

அதனால்தான் ஆடிட் பதிவில் எண்ணுக்கு முன்னாலேயே ஆர்ச் என்று ஒரு குறிப்பு வருகிறது. நண்பனின் திருட்டு வேலைக்கு அது 40000003. பதினாறு அடிமான எண் இது. கடைசி 3 இன்டெல் 386-ஐக் குறிக்கிறது. முன்னால் உள்ள 4, கீழ் பைட் முன்னால் வரும் மெஷின் என்று சொல்கிறது. 64 பிட்டும் சேர்ந்தால் அந்த 4 இருக்கும் இடத்தில் சி வரும். நக்ஸி பிரச்சினை ஞாபகம் வருகிறதா? 1977-ல் ரிச்சியும் ஜான்சனும் தலையைப் பிய்த்துக்கொண்ட அதே இரண்டு கேள்விகள், பைட் எந்தப் பக்கம், அளவு எத்தனை பிட், இன்று ஒவ்வொரு ஆடிட் வரியின் தலையிலும் இரண்டு பிட்டாக உட்கார்ந்திருக்கின்றன. செட்யுஐடி கொண்டுவந்த சிக்கலுக்கும் அதே வரியில் பதில் இருக்கிறது. லாகின் செய்தவர் யார் என்பதை ஏயுஐடி என்று தனியாக எழுதி வைக்கிறார்கள். பிறகு அவர் யார் அதிகாரத்தில் ஓடினாலும் அது மாறாது.

மேடம் காட்டிய வழியில் இரண்டு ஆர்க்கிடெக்சருக்கும் தனித்தனி விதி எழுதினோம். அதைவிட நல்லது, கதவைக் காவல் காப்பதை விட்டுவிட்டு அந்த ஃபைல் மேலேயே கண் வைப்பது என்றும் சொல்லிக் கொடுத்தார். ஃபைலைப் படிப்பதற்கான கதவுகள் எவை, எழுதுவதற்கானவை எவை என்று ஒவ்வொரு ஆர்க்கிடெக்சருக்கும் கெர்னலுக்குள்ளேயே பட்டியல் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும். 2019 முதல் புதிதாக வரும் சிஸ்டம் கால்களுக்குப் பெரும்பாலான ப்ராசஸர்களில் ஒரே எண் கொடுக்கிறார்கள். ஓப்பன்அட்2 என்பது 437, இன்டெல்லிலும் ஏ.ஆர்.எம்.மிலும். பழைய எண்களை மாற்ற முடியாது. மாற்றினால் ஏற்கனவே கம்பைல் செய்த புரோகிராம்கள் எல்லாம் செத்துவிடும். ஜூனியர் பையன் விஷயத்துக்கு வருகிறேன். ஆடிட் போடும் முன் நடந்ததற்கு லாக் ஏது? எந்த ஆதாரமும் இல்லை என்று எழுதிக் கொடுத்தோம். பழி நீங்கியது.

மறுபடி ரிச்சியிடம். 1983-ல் அவருக்கும் தாம்சனுக்கும் டூரிங் விருது கிடைத்தது. தாம்சன் தன் விருதுப் பேச்சில், கம்பைலருக்குள்ளேயே திருட்டு வழியை ஒளித்து வைத்தால் சோர்ஸ் கோடை எத்தனை முறை படித்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று காட்டினார். தணிக்கை செய்பவர்களுக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும் பேச்சு அது. 1990-களில் பிளான் 9, இன்ஃபெர்னோ என்ற இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டங்களில் ரிச்சியின் பங்கு உண்டு. இன்ஃபெர்னோவில் டிஸ் என்ற கற்பனை மெஷினுக்குப் புரோகிராமைக் கம்பைல் செய்வார்கள், எந்த ப்ராசஸர் ஆனாலும் அதே புரோகிராம் ஓடும். ஆர்க்கிடெக்சர் தொல்லையை அடியோடு மறைக்கப் பார்த்த முயற்சி, ஆனால் உலகம் அந்தப் பக்கம் போகவில்லை. 1999-ல் அதிபர் கிளின்டன் கையால் தேசிய தொழில்நுட்பப் பதக்கம். எத்தனை விருது வந்தாலும் ஆள் மாறவில்லை. மதியத்துக்கு மேல்தான் ஆபீஸ் வருவார், ராத்திரி வெகுநேரம் வேலை பார்ப்பார், அதிகம் பேசமாட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 2007-ல் ஓய்வு பெற்றார்.

2011-ல் தாம்சனுக்கும் அவருக்கும் ஜப்பான் பரிசு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 12-ம் தேதி நியூஜெர்சி பெர்க்லி ஹைட்ஸில் தனியாக வாழ்ந்த வீட்டில் அவர் இறந்து கிடந்தது தெரியவந்தது. வயது 70. ஒரு வாரம் முன்னால், அக்டோபர் 5-ம் தேதி, ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்திருந்தார். உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கமெல்லாம் அவருக்கே போயிருந்தது. ஜாப்ஸின் ஐபோனுக்கு அடியிலும் யூனிக்ஸ் வம்சத்துக் கெர்னல்தான்.

கடைசியாக ஒன்று, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க அலையும் நம் கூட்டத்துக்காக. ஹார்வர்டில் ரிச்சி தன் ஆராய்ச்சிக் கட்டுரையை 1968-ல் எழுதி முடித்துவிட்டார். ஆனால் பைண்டிங் செய்த பிரதியை நூலகத்தில் கொடுக்கவே இல்லை. அதனால் டாக்டர் பட்டம் வழங்கப்படவில்லை. அவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் இறந்த பிறகு அந்தக் கட்டுரையின் பிரதி கிடைத்தது. 2020-ல் கலிபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகம் அதை ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறது.